கொழுந்துக்குப் போறப்ப புள்ளய யாருகிட்ட விடுறது: அப்பாயியா, புள்ளக்காம்பராவா, வேலைய விடுறதா?

இலங்கையில தேயிலத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிற அம்மாமாருக்கு மகப்பேறு லீவு 84 நாள். கேக்குறதுக்கு மூணு மாசம் மாதிரி தெரியும், ஆனா அதுல ரெண்டு வாரம் பேறுக்கு முன்னாடிக்குன்னு போயிடும், அப்ப புள்ளக்கி பத்து வாரம் ஆகுறப்ப கூடைய மாட்டிக்கிட்டு காலைல பேர் கூப்பிடுற பெரட்டுல நிக்கணும். பத்து வாரத்துப் புள்ளக்கி கழுத்தே இன்னும் சரியா நின்னிருக்காது. முன்னெல்லாம் இதவிட மோசம், மூணாவது புள்ளன்னா பாதி லீவுதான், 2018ல சட்டத்த திருத்தின பிறகுதான் எத்தனாவது புள்ளயா இருந்தாலும் ஒரே லீவுன்னு ஆச்சு. சரி அது இருக்கட்டும், லீவு முடியுது, வேலைக்குப் போகணும், புள்ள எங்க இருக்கும், அப்பாயிகிட்டயா, இல்ல தோட்டத்துல பகல்ல புள்ளைங்கள பாத்துக்கிற புள்ளக்காம்பராலயா? இத தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேரு கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடுறதுக்கு ஒரே இடத்துல எழுதிடறேன்.

நான் தலவாக்கலைப் பக்கம் முன்பள்ளில படிச்சுக் குடுக்கிறேன். மூணு வயசுல எங்ககிட்ட வர்ற புள்ளைங்கள பாக்கிறப்ப, அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் பகல்ல அதுக்கு என்ன கெடச்சிச்சுங்கிறது கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சிடும். ஒரே மாசத்துல பொறந்த ரெண்டு புள்ள பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஒன்னு மத்ததோட தோளுக்குத்தான் வரும். கேட்டா "எங்க பரம்பரையே குட்ட மிஸ், அவங்க தாத்தாவும் இப்பிடித்தான்"னு அம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவாங்க. நான் இத ஒத்துக்கிறதில்ல. உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை இருக்கில்லையா, கிளினிக்குல குடுக்கிற நம்ம புள்ளைங்க காட்ல (வளர்ச்சி அட்டையில) கோடு போடுறதும் அதுலதான், அத செய்றதுக்கு பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கான்னு ஆறு நாட்டுல புள்ளைங்கள அளந்து பாத்தாங்க. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் இருந்தா இந்தியப் புள்ளயும் நோர்வே புள்ளயும் அஞ்சு வயசு வரைக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளருதுன்னு அதுல தெரிஞ்சிச்சு. அம்மா அப்பாவோட உயரம் கொஞ்சம் பேசும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா 2016ல எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வுல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளதுல வயசுக்கேத்த உயரம் இல்லாத புள்ளைங்க நாடு முழுக்க நூத்துக்கு 17, தோட்டப்புறத்துல மட்டும் 32. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இந்த வித்தியாசத்த தாத்தா மேல போட முடியாது.

இப்ப கணக்குக்கு வரேன், ஏன்னா யாருகிட்ட விடுறதுங்கிற கேள்விக்குப் பதிலு இந்தக் கணக்குலதான் இருக்குன்னு நான் நம்புறேன். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேணாம், இது எல்லாருக்கும் தெரியும். ஆறு மாசத்துக்குப் பிறகு பால் மட்டும் பத்தாது. பால் போக சாப்பாட்டுல இருந்து ஒரு நாளைக்கி வர வேண்டியது ஆறு தொடக்கம் எட்டு மாசம் வரைக்கும் சுமார் 200 கலோரி, ஒம்பதுல இருந்து பதினொன்னு வரைக்கும் 300, ஒரு வயசு முடிஞ்சு ரெண்டு வயசு வரைக்கும் 550. வயிறு எவ்வளவு கொள்ளும்னா கிலோவுக்கு சுமார் 30 மில்லி, எட்டுக் கிலோ புள்ளன்னா ஒரு தடவைக்கு 240 மில்லி, அவ்வளவுதான். அதனால பகலெல்லாம் கொஞ்சமா சாப்பிட்டுட்டு ராத்திரி அம்மா வந்து சேத்து ஊட்டிறலாம்னு நினைக்கிறது நடக்காது, வயித்துல எடமில்ல. அம்மா காலைல ஏழு மணிக்கு எறங்கி அஞ்சு மணிக்கு வாராங்க, புள்ள ஏழரை எட்டுக்கு தூங்கிடும், அப்ப ஒரு நாள் சாப்பாட்டுல பாதிக்கு மேல அம்மா இல்லாத நேரத்துலதான் போகுது. மொத வருசத்துல ஒரு புள்ள 25 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், ரெண்டாவது வருசம் ஒரு 12, அதுக்குப் பிறகு வேகம் கொறஞ்சிடும், ரெண்டு வயசுக்குள்ள விட்ட உயரத்த பிறகு பிடிக்கிறது ரொம்ப கஷ்டம். ஆக யாருக்குப் பாசம் அதிகம்னு பாக்காம, பத்து மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் மூணு மணிக்கும் அந்தப் புள்ள வாய்க்குள்ள என்ன போகுதுன்னு பாருங்க. நான் எல்லாத்தயும் அத வச்சுத்தான் பாக்கிறேன்.

மொதல்ல அப்பாயி, இல்ல அம்மாயி. பெரும்பாலும் எல்லாருக்கும் மொத மனசு அங்கதான் போகும், தப்பில்ல. நம்ம ரத்தம், அடிக்காது, தூக்கி வச்சுக்கும், பாட்டு பாடும், வேற புள்ளைங்க கூட்டமில்லாததால சளியும் வயித்தால போறதும் கொறவு. நாம இருக்கிற லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) கீழயே கொழுந்து மலைன்னா அம்மா நடுவுல ஓடி வந்து பால் குடுத்துட்டும் போகலாம். ஒரு வயசுக்குள்ள இது பெரிய லாபம்.

ஆனா ரெண்டு மூணு விசயம் பாக்கணும். ஒன்னு, அப்பாயி உண்மையில சும்மா இருக்காங்களா? நம்ம ஊர்ல அம்பது வயசு அப்பாயி இன்னும் பேர் போட்டுக்கிட்டுத்தான் (தோட்டத்துல நாள் சம்பள வேலைக்குப் போயிக்கிட்டுத்தான்) இருப்பாங்க, பேர் இல்லாதவங்களும் ஞாயித்துக்கிழமை கைக்காசுக்குப் போவாங்க, மத்த நாள்ல வெறகு பொறுக்கணும், மாடு வச்சிருந்தா புல்லறுக்கணும், மத்த மகனோட ரெண்டு புள்ளைங்களும் அதே மடிக்குத்தான் வரும். பேருக்கு அப்பாயிகிட்ட விட்டதா இருக்கும், உண்மையில பத்து வயசு அக்கா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு புள்ள தூக்கிக்கிட்டு இருப்பா. இத நான் கண்ணால பாத்திருக்கேன், ஒன்னு ரெண்டு எடத்துல இல்ல. 16 வயசு வரைக்கும் பள்ளிக்கூடம் கட்டாயம், அதுக்கும் மேல பத்து வயசு ஒரு கைப்புள்ளய ஊட்டிப் பாத்துக்கிற வயசா?

ரெண்டாவது பொக. லயத்துல அடுப்பு இருக்கிற காம்பரா எப்பிடி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல, மழ நாள்ல வெறகு ஈரம், ஜன்னல சாத்திருப்பாங்க, அப்பாயி குளிருக்கு அடுப்புகிட்ட ஒக்காந்துக்கிட்டு மடியில புள்ளய வச்சிருப்பாங்க. இந்தப் பொகைக்கும் புள்ளைங்களோட நெஞ்சுச் சளிக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. புள்ளய அடுப்புகிட்ட வச்சிருக்காதீங்கன்னு சொன்னா, பின்ன இந்தக் குளிர்ல வேற எங்க வைக்கிறதுன்னு திருப்பிக் கேப்பாங்க, அதுவும் நியாயம்தான். கேஸ் வாங்க முடிஞ்சா வாங்குங்க, முடியலன்னா சமைக்கிற நேரம் மட்டுமாவது முன் காம்பரால தொட்டில கட்டுங்க.

மூணாவதுதான் எனக்குப் பெரிய விசயம், சாயத்தண்ணி, அதாவது பால் போடாத வெறும் தேத்தண்ணி. கொஞ்ச நாளைக்கி முன்னாடி ஒரு லயத்துக்கு புள்ளைங்க பேர் பதியப் போயிருந்தேன், வாசப்படியில ஒரு பாட்டி, கையில ஒன்பது பத்து மாசப் புள்ள, புள்ள கையில பால் போத்தல். போத்தலுக்குள்ள செவப்பா சாயம், சீனி போட்டது, அதுக்குள்ள ஒரு மேரி பிஸ்கட்ட ஒடச்சுப் போட்டு கலக்கியிருக்காங்க, அது ஊறி அடியில பொடியா படிஞ்சிருக்கு, நிப்பிளோட ஓட்டைய பெருசா வெட்டி விட்டிருக்காங்க பிஸ்கட் அடைக்காம எறங்குறதுக்கு. "பாருங்க மிஸ் எவ்வளவு சமத்தா குடிக்கிதுன்னு" பெருமையா சொல்றாங்க. புள்ளயும் சத்தமில்லாம குடிக்கிது. அந்த பிஸ்கட்ல முப்பது கலோரி கூட தேறாது, சீனி கொஞ்சம், அவ்வளவுதான் பத்து மணி சாப்பாடு. வயிறு ரொம்பிடும், பன்னெண்டு மணிக்கி சோறு வேணாம்னு தலைய திருப்பும். அதோட தேயிலைல உள்ள டானின் சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்த ஒடம்பு எடுத்துக்க விடாது, ஆறு மாசத்துக்குப் பிறகு புள்ள பொறக்கறப்ப கொண்டு வந்த இரும்புச்சத்து தீந்துகிட்டு வர்ற நேரம் வேற. நாட்டுக்கே தேயில குடுக்கிற நாங்க கைப்புள்ளக்கி மட்டும் அத குடுக்காம இருந்தா போதும், பாதி பிரச்சின தீரும்னு எனக்குத் தோணும்.

பாட்டிமார கொற சொல்லல. அவங்க தன் புள்ளைங்கள அப்பிடித்தான் வளத்தாங்க, சாயமும் ரொட்டியும் தவிர வேற என்ன இருந்திச்சு அவங்களுக்கு. முட்ட குடுத்தா மாந்தம், மீன் செரிக்காது, வாழப்பழம் சளி, பருப்ப விட்டுட்டு பருப்புத் தண்ணிய மட்டும் ஊத்தி சோத்த கஞ்சி மாதிரி கரைக்கிறது, எல்லாம் பயத்துல வர்றது. மாத்தலாம், ஆனா மருமக சொன்னா மாறாது, சண்டதான் வரும். "அத்த, நான் சொல்லல, மிட்வைஃப் மிஸ் இப்பிடித்தான் குடுக்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க"ன்னு சொல்லுங்க, இல்லன்னா அப்பாயியயே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போயி மிஸ் வாயாலயே கேக்க வைங்க. காலைல போறதுக்கு முன்னாடி நீங்களே சோத்த பருப்போட நல்லா வேக வச்சு, நெத்தலிய வறுத்து இடிச்ச தூள் ஒரு கரண்டி, கொஞ்சம் தேங்காப்பால் இல்லன்னா எண்ணெய், கரட்டோ கீரையோ மசிச்சு, கரண்டிய சாய்ச்சா ஒழுகாத பதத்துக்கு வச்சிட்டுப் போங்க. அப்பாயி சூடு பண்ணி ஊட்டினா போதும்.

இனி புள்ளக்காம்பரா. இப்ப போட்ல சிறுவர் அபிவிருத்தி நிலையம்னு எழுதியிருக்கும், நாங்க இன்னும் புள்ளக்காம்பரான்னுதான் சொல்றோம். எங்க அம்மா காலத்துல அது ஒரு பெரிய ஹோல், கம்பில வரிசையா சீல தொட்டில், ஒரு ஆயா, மூத்திர வாட. அந்தப் பேரு இன்னும் அதுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனாலயே நெறைய பேரு புள்ளய அனுப்ப மாட்டாங்க. ஆனா 1992ல பெருந்தோட்டங்கள கம்பெனிகளுக்குக் குடுத்த நேரத்துலயே நலன்புரி வேலைக்குன்னு ஒரு நிதியமும் தொடங்கினாங்க, இப்ப மனிதவள அபிவிருத்தி நிதியம்னு சொல்றது அதத்தான், அதுக்குப் பிறகு நெறைய எடத்துல கட்டடம் புதுசாச்சு, பயிற்சி எடுத்த சிடிஓ (சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்) மிஸ்மார் வந்தாங்க, வெளையாட்டுச் சாமான் வந்திச்சு. எல்லா எடத்துலயும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரே கம்பெனியோட ரெண்டு டிவிசன்லயே ஒன்னு நல்லா இருக்கும், ஒன்னு கூர ஒழுகும்.

நல்ல புள்ளக்காம்பரான்னா அது ஒரு வயசுக்கு மேல உள்ள புள்ளக்கி அப்பாயிய விட மேலன்னு நான் தைரியமா சொல்லுவேன். ஏன்னா அங்க நேரத்துக்கு சாப்பாடு. புள்ளைங்க கூட்டமா ஒக்காந்து சாப்பிடறப்ப வீட்டுல வாய தொறக்காததும் சாப்பிடும், இது முன்பள்ளில நாங்க தெனமும் பாக்கிறது. மிட்வைஃப் மிஸ் வந்து நிறுத்துப் பாக்கிறதும் தவறாது, தடுப்பூசி நாள் நெருங்கினா சிடிஓ மிஸ்ஸே ஞாபகப்படுத்துவாங்க. ஒம்பது மாசத்துல எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு), ஒரு வயசுல ஜேஈ (ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு), ஒன்றரை வயசுல முத்தடுப்பு, மூணு வயசுல திரும்ப எம்எம்ஆர், இதுல ஒன்றரை வயசு ஊசிய வீட்டுல இருக்கிற புள்ளைங்கதான் நழுவ விடும், அம்மாவுக்கு அரப்பேர் (அர நாள் சம்பளம்) போயிடும்னு தள்ளித் தள்ளிப் போட்டு.

கெட்ட புள்ளக்காம்பரான்னா அது வெறும் புள்ள கட்டிப் போடுற எடம். எப்பிடி கண்டுபுடிக்கிறது? பேர் பதியறதுக்கு முன்னாடி ஒருக்கா சொல்லாம கொள்ளாம பதினொன்றரைக்குப் போங்க. காலைல போனா எல்லாம் கூட்டி பெருக்கி அழகா இருக்கும், பதினொன்றரைக்குத்தான் உண்ம தெரியும். அடுப்புல பான இருக்கா, அதுல என்ன வேகுதுன்னு பாருங்க. சுவத்துல சாப்பாட்டு அட்டவணையில திங்கக்கெழமை முட்டன்னு எழுதியிருக்கும், பானைக்குள்ள முட்ட இருக்கான்னு பாக்கணும். சாப்பாடு அம்மாமார் டப்பால குடுத்து விடுறதுன்னா, மத்த டப்பாவ தொறந்து காட்டச் சொல்லுங்க, எல்லாத்துலயும் ரொட்டியும் சம்பலும்தான் இருந்திச்சுன்னா அங்க யாரும் ஒன்னும் சொல்றதில்லன்னு அர்த்தம். ஆயா புள்ளய மடியில வச்சு ஊட்டுறாங்களா, இல்ல தட்ட முன்னாடி வச்சிட்டு அடுத்த வேலைக்குப் போறாங்களா. ஒன்றரை வயசுப் புள்ள தானா சாப்பிட்டா பாதி தரையில, அத கோழிதான் சாப்பிடும். தண்ணி பைப்புல வருதா, பீலில (ஊத்துத் தண்ணி விழுற எடத்துல) இருந்து தூக்கியாரதா, கொதிக்க வைக்கிறாங்களா, கக்கூசுக்குப் போயிட்டு வந்தா சவுக்காரம் இருக்கா. தூங்குற எடத்து பாய தொட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா அந்தக் குளிர்ல என்ன ஆகும்னு நானே சொல்லணுமா. அப்பறம் சிடிஓ மிஸ் லீவு போட்ட நாள்ல யாருன்னும் கேளுங்க.

நல்லதுலயும் ஒரு நட்டம் உண்டு, மொத மூணு நாலு மாசம் மூக்கு ஒழுகும், இருமும், ஒருக்கா ரெண்டு தடவ வயித்தால போகும். கூட்டத்துல விட்டா எந்தப் புள்ளக்கும் அது வரும், பயந்து நிப்பாட்டிட வேணாம், ஆனா வயித்தால போனா தண்ணில கரைச்சுக் குடுக்கிற ஜீவனி உப்புச் சீனி பக்கெட் வீட்டுல இருக்கணும், சாப்பாட்ட கொறைக்கக் கூடாது, சொகமான பிறகு ரெண்டு வாரம் ஒரு வேள கூடுதலா குடுக்கணும், இல்லன்னா எறங்குன கிலோ திரும்ப ஏறாது. எடை மூணு மாசமா ஏறாம ஒரே அளவுல நிக்கிற புள்ளைங்கள கேட்டுப் பாத்தா பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு காய்ச்சல், வயித்தாலக்கிப் பிறகுதான் நின்னிருக்கும்.

பால் குடுக்கிற நேரத்தப் பத்தி ஒன்னு சொல்லணும், நெறைய பேருக்கு இது தெரியாது, தெரிஞ்சவங்களும் கேக்க மாட்டாங்க. மகப்பேறு நன்மைகள் சட்டப்படி ஒரு வயசுக்குள்ள புள்ள இருக்கிற அம்மாவுக்கு ஒம்பது மணித்தியால வேலையில ரெண்டு தடவ பால் குடுக்க நேரம் குடுக்கணும். வேல குடுக்கிறவங்க புள்ளக்காம்பரா வச்சிருந்தா ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், வைக்கலன்னா ஒரு மணித்தியாலம். அதாவது தோட்டத்துல புள்ளக்காம்பரா இருக்குன்னா, நீங்க அப்பாயிகிட்ட விட்டிருந்தாலும் உங்களுக்கு அரை மணித்தியாலம்தான்னு சொல்லலாம். அரை மணித்தியாலத்துல அந்த மேட்ட ஏறி எறங்குறதுக்கே இருவது நிமிசம் போச்சுன்னா எங்க பால் குடுக்கிறது. அதனால தூரம் ரொம்ப முக்கியம், புள்ள இருக்கிற எடத்துக்குப் பக்கத்து மலையில போடச் சொல்லி வேல பிரிச்சுக் குடுக்கிற கணக்கப்புள்ளகிட்ட லீவு முடியறதுக்கு முன்னாடியே பேசணும், தனியா போறத விட கைப்புள்ள வச்சிருக்கிற ரெண்டு மூணு பேரா போனா காது குடுப்பாங்க. தூரம்னா காலைல பால பீச்சி வச்சிட்டுப் போங்க, நம்ம குளிருக்கு வெளிய நாலு மணித்தியாலம் தாராளமா இருக்கும், போத்தல்ல வேணாம், கப்புல சின்னக் கரண்டியால. பீச்சி வச்ச பால அப்பாயி மொதல்ல அருவருப்பா பாப்பாங்க, பழகிடும்.

வேலைய விட்டுட்டு வீட்டோட இருக்கிறது? வசதி இருந்தா யாருக்குத்தான் வேணாம். 2024ல அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூவா ஆச்சு, அந்தக் கணக்குல மாசத்துல இருவது நாள் பேர் விழுந்தா 27,000 வந்திச்சு. வேலைய விட்டா அந்த மாதிரி வர்ற சம்பளம், அதோட கம்பெனி போடுற ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், எல்லாம் நின்னிடும். அஞ்சு வருசம் முடிக்காம விட்டா சேவைக்காலப் பணமும் இல்ல. அத விடப் பெருசு ஒன்னு இருக்கு, அம்மா கையில வாங்குற காசுதான் பெரும்பாலும் முட்டையாவும் பழமாவும் புள்ள வாய்க்குப் போகும், அது நின்னுட்டா அம்மா பக்கத்துல இருப்பாங்க, பானையில பருப்பு இருக்காது. எல்லா ஆம்பளைங்களயும் சொல்லல, ஆனா சம்பள நாள் சாயந்தரம் டவுன்ல சாராயத் தவறண வாசல்ல பாத்தா நான் சொல்றது வெளங்கும்.

அதனால ரெண்டு வருசம் வீட்டுல இருக்கிறத நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ஆனா பத்து வாரத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் உள்ள அந்த மூணரை மாசம் இருக்கே, அத மட்டும் எப்பிடியாவது கடன ஒடன வாங்கியாவது சம்பளமில்லா லீவுல நிக்க முடியுமான்னு பாருங்க, பேர விட்டுடாம தோட்டத்துத் துரைகிட்ட (மேனேஜர்கிட்ட) எழுத்துல குடுத்து, கிடைச்ச பதில பத்திரமா வச்சிக்கிட்டு. புள்ள தாய்ப்பால் மட்டும் குடிக்க வேண்டிய நேரம் அதுதான், அந்த எடத்துலதான் சாயத்தண்ணியும் பால்மாவும் உள்ள வருது. ஒரு வயசுக்குப் பிறகு வீட்டுல இருக்கிறத விட இந்த மூணரை மாசத்துக்குப் பலன் கூட.

கொழும்புல வீட்டு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போறதப் பத்தி நீளமா எழுத ஒன்னுமில்ல. வெளிநாட்டுக்குப் போற அம்மாமாருக்கு கடைசிப் புள்ளக்கி அஞ்சு வயசு ஆகணும்னு 2013ல கொண்டு வந்த கட்டுப்பாட 2022ல பொருளாதார நெருக்கடில ரெண்டு வயசுன்னு எறக்கினாங்க. புதுசா என்ன விதி இருந்தாலும் ரெண்டு வயசுக்குள்ள போகாதீங்க. காசு வரும், பால்மா டின் வரும், புள்ளக்கி வேண்டிய நேரம் திரும்ப வராது. ஆனா கழுத்து வரைக்கும் கடன்ல நிக்கிறவங்ககிட்ட இத சொல்றதுக்கு எனக்கும் வாய் வராது.

அப்ப என்னதான் செய்யலாம்னா, என்னோட அபிப்பிராயம் ஒரே எடத்த முடிவு பண்ணி அஞ்சு வயசு வரைக்கும் அங்கேயே விடுறது இல்ல, வயசுக்கேத்த மாதிரி மாத்துறது. ஆறு மாசம் வரைக்கும் முடிஞ்சா அம்மா, முடியலன்னா கொழுந்து மலைக்கு எது கிட்டவோ அது, அப்பாயியோ புள்ளக்காம்பராவோ கவல இல்ல, பால் போயிச் சேரணும். ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் அப்பாயி நல்லா கேட்டுக்கிறவங்கன்னா அப்பாயி. ஒரு வயசு தாண்டினா, பதினொன்றரை சோதனையில தேறின புள்ளக்காம்பரா, சாயந்தரம் அப்பாயி போயி கூட்டிட்டு வரட்டும். தேறலன்னா அப்பாயிகிட்டயே விட்டுட்டு தெனமும் காலைல சாப்பாட்ட நீங்களே ஆக்கி வைங்க. அப்பாயியும் இல்ல, புள்ளக்காம்பராவும் சரியில்லன்னா லயத்துல கைக்குழந்த வச்சிருக்கிறவங்க நாலு பேர் சேந்து அந்தப் புள்ளக்காம்பராவ சரி பண்ணச் சொல்லி கேக்கிறதத் தவிர வேற வழி எனக்குத் தெரியல, தனியா கேட்டா நடக்காது, தொழிற்சங்கத் தலைவர்மார கூட்டிட்டுப் போனா நடந்த எடம் உண்டு.

பொறக்கறப்பவே ரெண்டரைக் கிலோவுக்குக் கொறஞ்ச புள்ளயா, இல்ல காட்ல ஏற்கனவே ஆரஞ்சு நெறத்துல கோடு போகுதா, அப்ப மேல சொன்னத விட்டுட்டு மிட்வைஃப் மிஸ்ஸோட ஒக்காந்து பேசித்தான் முடிவு பண்ணணும், அதுக்கு மாசாமாசம் திரிபோஷ சத்துமாவும் குடுப்பாங்க. திரிபோஷவுல ஒரு கணக்கு இருக்கு, ஒரு புள்ளக்கி ஒரு நாளைக்கி 50 கிராம், 750 கிராம் பக்கெட் ரெண்டுன்னா சரியா முப்பது நாள். வீட்டுல உருண்ட புடிச்சு அக்கா தம்பி அப்பான்னு எல்லாரும் சாப்பிட்டா ஒரு வாரத்துல முடியும், மாசக் கடைசில மிஸ் நிறுத்துப் பாத்துட்டு "குடுத்தும் ஏறலயே"ன்னு திட்டுவாங்க. ருசியா இருக்கிறது அதோட குத்தம். பெரிய புள்ளைங்களுக்கு வேற ஏதாவது மாவுருண்ட செஞ்சு குடுத்துட்டு திரிபோஷவ மேல் தட்டுல வைங்க.

எங்க விட்டாலும் அது சரியா போகுதான்னு சொல்றது அந்த காட்தான், ஆம்பளப் புள்ளக்கி நீலம், பொம்பளப் புள்ளக்கி ரோஸ். ரெண்டு வயசு வரைக்கும் மாசாமாசம் நிறுக்கணும். எட கூடுதான்னு மட்டும் பாத்தா பத்தாது, கோடு அந்தப் பச்சப் பாதையோட சேந்து மேல போகுதான்னு பாக்கணும், ரெண்டு மாசம் கோடு படுத்துச்சுன்னா காரணத்த தேடுங்க, மூணாவது மாசத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்க வேணாம். உயரத்தயும் அளக்கச் சொல்லிக் கேளுங்க. கிளினிக்குல கூட்டம்னா நிறுத்துட்டு அனுப்பிடுவாங்க, உயரம் விட்டுப் போயிடும், உயரம் நின்ன புள்ள அளவா அழகாத்தான் இருக்கும், பாத்தா ஒன்னும் தெரியாது, எங்ககிட்ட மூணு வயசுல வர்றப்பதான் தெரியும்.

இன்னொன்னு, வீட்டுக்குள்ள யாரும் முன்னாடியே பேசி வைக்காத விசயம். புள்ளக்கி காய்ச்சல் வர்ற நாள்ல புள்ளக்காம்பரால சேக்க மாட்டாங்க, சேக்கக் கூடாது, அப்பாயிக்கும் அன்னிக்கி ஒடம்பு முடியாம இருக்கலாம். அந்த நாள் யாரு பேர விடுறது? எப்பவும் அம்மாதான்னு ஆச்சுன்னா மாசத்துல நாலு நாள் பேர் போயி, ரெண்டு மாசத்துல "இந்தப் புள்ளக்காம்பராவே வேணாம், நின்னுக்க"ன்னு வந்து முடியும், நல்லா போயிக்கிட்டிருந்த ஏற்பாடு நெறைய இப்பிடித்தான் கலஞ்சிருக்கு. தேயிலக் கவ்வாத்துக்கோ (செடி வெட்டவோ) மருந்தடிக்கவோ போற அப்பாவும் ஒருக்கா விட்டு ஒருக்கா நிக்கட்டும். கஞ்சி வைக்கவும் ஜீவனி கரைக்கவும் அவருக்கும் கை இருக்கு, லீவு முடியறதுக்கு முந்தின வாரமே ஒருக்கா அவர செய்யச் சொல்லிப் பாத்துடுங்க.